மெய்ப்பு மேசை: வாசகர் கேள்வி பதில்

கேள்வி: நான் பணி ஓய்வு பெற்ற ஆசிரியை. 300 பக்கத்துக்கு ஒரு நாவல் எழுதி முடித்திருக்கிறேன். பதிப்பகத்தார், “பிழை திருத்திக் கொடுங்கள், ஜனவரிக்குக் கொண்டுவந்துவிடலாம்” என்கிறார்கள். நாலு முறை படித்துவிட்டேன். என் பழைய மாணவி ஒருத்தி படித்துவிட்டு, இன்னும் பிழை இருக்கிறது என்கிறாள். வெளியே கொடுக்கலாம் என்று விசாரித்தால், எடிட்டிங்குக்குத் தனியாக, புரூஃபுக்குத் தனியாகக் காசு கேட்கிறார்கள். இரண்டும் ஒன்றுதானே?
- ஒரு வாசகி, தேனி

பதில்: இரண்டும் வேறு வேறு, டீச்சர். ஒரு பத்தியை எடுத்துப் பார்த்தால் விளங்கிவிடும். உங்கள் பிரதியில் இப்படி இருப்பதாக வைத்துக்கொள்வோம்:

“மறுநாள் காலை செல்வி கிணற்றடிக்கு சென்ற போது வாளி இல்லாததை கண்டு திடுக்கிட்டாள். நேற்று இரவு அது அங்கே தான் இருந்தது.”

மெய்ப்பு, அதாவது புரூஃப், பார்ப்பவர் இதில் நான்கு இடங்களில் கை வைப்பார். கிணற்றடிக்குச், சென்றபோது, இல்லாததைக், அங்கேதான். ‘கு’ உருபுக்கும் ‘ஐ’ உருபுக்கும் பின்னால் வல்லினம் மிகும். ‘போது’, ‘தான்’ இரண்டும் முன்சொல்லோடு சேர்ந்து நிற்கும். அத்தோடு அவர் வேலை முடிந்தது. அதை ஒழுங்காகச் செய்தாலே அவருக்குக் கையெடுத்துக் கும்பிடலாம்.

எடிட்டர் அங்கே நிற்க மாட்டார். கதை கடந்த காலத்தில் போய்க்கொண்டிருக்கிறது, ‘மறுநாள் காலை’ என்று தொடங்கியாகிவிட்டது, அப்புறம் ‘நேற்று இரவு’ எப்படி வரும்? செல்வி மனசுக்குள் நினைத்துக்கொள்வதாக இருந்தால் ‘நேற்று’ சரிதான். கதை சொல்பவரின் குரல் என்றால் ‘முந்தின இரவு’ என்றுதான் வர வேண்டும். இதில் எது என்று எடிட்டர் தானாக முடிவு செய்யக் கூடாது, ஓரத்தில் எழுதி உங்களைக் கேட்க வேண்டும். அடுத்த கேள்வியும் அவரிடமிருந்தே வரும்: மூன்றாம் அத்தியாயத்தில் அந்தக் கிணறு வற்றி, வீட்டுக்குள் குழாய் வந்துவிட்டதே, இப்போது கிணற்றடியில் வாளி எதற்கு?

இதற்கும் மேலே ஒரு படி உண்டு. நாவலை மொத்தமாகப் படித்துவிட்டு, “வாளி காணாமல் போனது பிறகு எங்கேயுமே வரவில்லை, இந்தக் காட்சி எதற்காக?” என்று கேட்பவர். பல சமயம் முதல் நாவலுக்கு வேண்டியவர் இவர்தான்.

வரிசை முக்கியம், டீச்சர். முதலில் நாவல் முழுமைக்குமான வாசிப்பு, பிறகு வரி வரியாக எடிட்டிங், பிறகு பக்க வடிவமைப்பு, கடைசியாக அந்த வடிவமைத்த பக்கங்களின் மேல் மெய்ப்பு. நிறையப் பேர் இதைத் தலைகீழாகச் செய்து காசை வீணாக்குகிறார்கள். மெய்ப்பு பார்த்த பிறகு எடிட் செய்தால், மாற்றின ஒவ்வொரு வாக்கியத்திலும் புதுப் பிழை பிறக்கும். வடிவமைப்புக்கு முன்னால் மெய்ப்பு பார்த்தால், எழுத்துரு மாறும்போதும் பக்கம் உடையும்போதும் வருகிற பிழைகளை யாரும் பார்த்திருக்க மாட்டார்கள்.

ஒன்றுக்குத்தான் காசு இருக்கிறது என்றால் எடிட்டிங்குக்குக் கொடுங்கள். இலக்கணம் உங்களுக்கே தெரியும், உங்கள் மாணவிக்குக் கண் கூர்மையாக இருக்கிறது. கடைசி மெய்ப்பை நீங்கள் உரக்கப் படிக்க, அவர் பக்கத்தில் உட்கார்ந்து பார்க்கட்டும். எழுதியவர் கண், தாளில் இருப்பதைப் படிக்காது, மனசில் இருப்பதைத்தான் படிக்கும். நாலு முறை படித்தும் தப்பியது அதனால்தான், உங்கள் கவனக்குறைவால் இல்லை.

இன்னொன்று. ஜனவரி சென்னைப் புத்தகக் காட்சிக்காக நவம்பர், டிசம்பரில் எல்லா அச்சகங்களிலும் நெருக்கடி. அந்த நெருக்கடியில் முதலில் வெட்டுப்படுவது மெய்ப்புக்கான நாட்கள்தான். முடியாவிட்டால் ஜனவரியை விட்டுவிடுங்கள். ஆகஸ்டில் ஈரோடு இருக்கிறது, மாவட்டத்துக்கு மாவட்டம் புத்தகத் திருவிழா நடக்கிறது. பிழையோடு அச்சான புத்தகத்தை நூலகத்திலிருந்து திரும்பக் கேட்க முடியாது.

கேள்வி: ஊர் வடமராட்சி. இப்ப ரொறன்ரோவில இருக்கிறன். என்ர சிறுகதைத் தொகுப்பைச் சென்னையில ஒருவரிட்டக் குடுத்துத் திருத்துவிச்சனான். மினக்கெட்டுத்தான் செய்திருக்கிறார். ஆனா ‘உது’ வந்த இடமெல்லாம் ‘அது’ எண்டு மாத்திப்போட்டார். ‘கதைச்சுக்கொண்டிருந்தம்’ எண்டது ‘பேசிக்கொண்டிருந்தோம்’ எண்டு வந்திருக்கு. ‘ரொறன்ரோ’ ‘டொரான்டோ’ ஆகிட்டுது. கேட்டா, பிழை எண்டுறார். நான் என்ன செய்யிறது?
- ஒரு வாசகர், கனடா

பதில்: அவை பிழை இல்லை, ஐயா. மூன்றையும் பழையபடி வையுங்கள்.

‘அ இ உ அம்மூன்றும் சுட்டு’ என்கிறது தொல்காப்பியம். தமிழ்நாட்டுப் பேச்சில் உகரச் சுட்டு வழக்கொழிந்துவிட்டது. யாழ்ப்பாணத்தில் இன்றும் உயிரோடு இருக்கிறது. உங்கள் கதையில் ஒரு கிழவி, “உதை இஞ்சால தா” என்கிறாள் என்று வையுங்கள். பொருள் அவள் கையிலும் இல்லை, எட்டத்திலும் இல்லை, கேட்டுக்கொண்டு நிற்பவன் பக்கத்தில் இருக்கிறது. ‘அதை’ என்று மாற்றினால் பொருளே வேறு இடத்துக்குப் போய்விடுகிறது. அந்தத் திருத்துநர் ஒரு காட்சியைக் கலைத்திருக்கிறார்.

‘ரொறன்ரோ’வும் அப்படித்தான். ஆங்கில ‘ட’ ஒலியை றகரத்தாலும் ரகரத்தாலும் எழுதுவது ஈழத்தில் நெடுங்கால மரபு. சென்னையில் ‘டொரான்டோ’ வழக்கம் என்பதற்காக உங்கள் ஊர்க்காரர் வாயில் அதைத் திணிக்க வேண்டியதில்லை. ஒரே தொகுப்பில் ஓரிடத்தில் ‘ரொறன்ரோ’, இன்னோரிடத்தில் ‘டொரொன்டோ’ என்று வந்தால் மட்டும் திருத்துநர் குறுக்கிடலாம். குறுக்கிடவும் வேண்டும்.

நான் நெல்லைப் பக்கம். ‘பைய வா’ என்று எழுதியதை ‘மெதுவாக வா’ என்று மாற்றிவைக்கிறவர்களை எங்கள் ஊர்க் கதைகளிலும் பார்த்திருக்கிறேன், பார்க்கும்போதெல்லாம் கோபம் வந்திருக்கிறது. வட்டார வழக்கில் கை வைக்கும் முன் எழுத்தாளரைக் கேட்பது இந்தத் தொழிலின் முதல் மரியாதை. ஈழத்தவரிடம் அந்த மரியாதை குறைவதுதான் எனக்கு இன்னும் வருத்தம். நல்லூரில் பிறந்த ஆறுமுக நாவலர் சென்னையிலும் அச்சுக்கூடம் வைத்து நூல்களைப் பிழையற அச்சிட்டார். சிறுப்பிட்டி சி.வை. தாமோதரம் பிள்ளை 1887இல் கலித்தொகையை ஏட்டிலிருந்து அச்சுக்குக் கொண்டுவந்தார். கவனமான பதிப்பு எப்படி இருக்கும் என்று தமிழ்நாட்டுக்குக் காட்டியவர்களில் உங்கள் ஊர்க்காரர்கள் இருக்கிறார்கள்.

செய்ய வேண்டியது இதுதான். திருத்தங்களை வேர்டு கோப்பில், மாற்றங்களைக் குறித்துக் காட்டும் ‘டிராக் சேஞ்சஸ்’ போட்டுச் செய்திருந்தால், வேண்டாததை ஒவ்வொன்றாக நிராகரித்துவிடலாம். போடாமல் செய்திருந்தாலும் வழி உண்டு. உங்கள் மூலக் கோப்பையும் அவர் தந்ததையும் வேர்டிலேயே ‘கம்பேர்’ கொடுத்தால், மாறின இடமெல்லாம் நிறத்தில் தெரியும். அவர் சேர்த்த ஒற்றுகள் பல சரியாகவே இருக்கும், அவற்றை வைத்துக்கொள்ளுங்கள். மினக்கெட்டுச் செய்தவரின் உழைப்பைக் குப்பையில் போட வேண்டாம்.

அடுத்த தொகுப்புக்கு முன்கூட்டியே ஒரு பக்கக் குறிப்பு எழுதிக் கொடுங்கள். ‘உது, உவன், உங்கை: தொட வேண்டாம். உரையாடலில் கதைச்சு, கதை சொல்பவரின் நடையில் கதைத்து. ஊர்ப்பெயர்கள் ஈழ வழக்கில்.’ இவ்வளவு போதும். நல்ல எடிட்டர் அதை வாங்கிப் பக்கத்திலேயே ஒட்டிவைத்துக்கொள்வார்.

புத்தகம் இந்தியாவில் வெளிவருவதால் ஒன்று சொல்லிவைக்கிறேன். 1957ஆம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டம், 57ஆம் பிரிவில், படைப்பைச் சிதைத்து ஆசிரியரின் பெயருக்குக் குந்தகம் விளைவித்தால் தடுக்கும் உரிமையை ஆசிரியருக்குத் தருகிறது. பதிப்புரிமையையே வேறொருவருக்கு எழுதிக் கொடுத்திருந்தாலும் இந்த உரிமை உங்களிடம்தான் இருக்கும். வழக்குக்குப் போகச் சொல்லவில்லை. கடைசிச் சொல் உங்களுடையது என்பது தெரிந்திருந்தால், தயங்காமல் பேசலாம்.

கேள்வி: இணையத்தில் தமிழ்ப் பிழைதிருத்தி வந்துவிட்டது, செயற்கை நுண்ணறிவும் வந்துவிட்டது. இன்னும் ஆளுக்குக் காசு கொடுக்க வேண்டுமா?
- ஒரு வாசகர், ஓசூர்

பதில்: பிழைதிருத்திகளைக் கட்டாயம் பயன்படுத்துங்கள். நீச்சல்காரன் உருவாக்கிய வாணி எழுத்துப்பிழைகளையும் நாவி ஒற்றுப்பிழைகளையும் காட்டித்தரும். ‘முயற்ச்சி’, ‘அதற்க்கு’ போன்றவற்றுக்கெல்லாம் ஒரு மனிதரின் கண்ணைச் செலவழிக்க வேண்டியதில்லை. ஆளிடம் கொடுக்கும் முன் நீங்களே ஒரு முறை ஓட்டிவிட்டால், அவர் நேரம் உருப்படியான இடத்துக்குப் போகும்.

ஆனால் இந்த இரண்டு வரிகளைப் பாருங்கள். ‘அன்னை முருகனுக்கு வேலைக் கொடுத்தாள்.’ ‘மேலாளர் முருகனுக்கு வேலை கொடுத்தார்.’ முதல் வரியில் ‘க்’ இல்லாவிட்டால் பார்வதி மகனுக்கு உத்தியோகம் கொடுத்ததாக ஆகும். இரண்டாவதில் ‘க்’ வந்தால் மேலாளர் கையில் வேலாயுதம் வந்துவிடும். கதை தெரிந்தால்தான் ஒற்று தெரியும்.

செயற்கை நுண்ணறிவிடம் ‘பிழை மட்டும் திருத்து’ என்று சொல்லிக் கொடுத்தாலும், அது வாக்கியத்தையே மாற்றித் தந்துவிடுவது உண்டு. எங்கே மாற்றியது என்று தானாகச் சொல்வதும் இல்லை. கொடுத்தால், மேலே சொன்ன ‘கம்பேர்’ போட்டுப் பார்க்காமல் ஒரு பக்கத்தையும் ஏற்காதீர்கள்.

பாமினி போன்ற பழைய எழுத்துருவில் அடித்து யூனிகோடுக்கு மாற்றிய கோப்பு என்றால் தனிக் கவனம் வேண்டும். கௌரவம் என்ற சொல்லில் வருகிற ‘கௌ’ ஓர் எழுத்து. பல கோப்புகளில் அது ‘கெ’யும் ‘ள’வும் சேர்ந்து இரண்டு எழுத்தாக நிற்கும். கண்ணுக்குத் தெரியாது, தேடினால் கிடைக்காது. ரகரத்துக்குப் பதிலாகத் துணைக்கால் (ா) நிற்பதும் இதே வகை. தேடுபெட்டியில் ‘கௌரவம்’ என்று சரியாக அடித்துப் பாருங்கள். பக்கத்தில் கண்ணெதிரே இருந்தும் தேடல் காட்டவில்லை என்றால் கோப்பு முழுக்க அந்தச் சிக்கல் இருக்கிறது என்று பொருள்.

கேள்வி: தமிழிலக்கியத்தில் முனைவர் பட்ட ஆய்வு செய்கிறேன். பல்கலைக்கழகத்துக்குப் பக்கத்தில் ஆய்வேடு தட்டச்சு செய்து தரும் கடையில், “எடிட்டிங்கோடு சேர்த்து ஒப்புமைச் சதவீதத்தையும் குறைத்துத் தருகிறோம்” என்கிறார்கள். கொடுக்கலாமா?
- ஓர் ஆய்வாளர், திருச்சி

பதில்: கொடுக்காதீர்கள். ஒப்புமைச் சதவீதம் என்பது உங்கள் ஆய்வேடு பிறர் எழுத்தோடு எவ்வளவு ஒத்துப்போகிறது என்ற அளவு. சொல்லை மாற்றிப் போட்டு அதைக் குறைப்பது எடிட்டிங் ஆகாது, எடுத்தாண்டதை மறைப்பது. மாட்டினால் கடைக்காரருக்கு ஒன்றும் ஆகாது, பட்டம் உங்களுடையது. பல்கலைக்கழக மானியக் குழுவின் 2018ஆம் ஆண்டு விதிகளின்படி ஒப்புமை 10 சதவீதம் வரை நடவடிக்கை இல்லை. 10க்கு மேல் 40 வரை போனால் திருத்தி மறுபடி கொடுக்க வேண்டும். 60ஐத் தாண்டினால் பதிவே ரத்து.

இலக்கிய ஆய்வில் இந்த எண் ஏறுவதற்குப் பெரும்பாலும் பாடல் வரிகள்தான் காரணம். முறையாக மேற்கோள் குறிக்குள் போட்டு, எந்த நூல், எந்தப் பதிப்பு, எந்தப் பக்கம் என்று சொல்லியிருந்தால் அதை ஒப்புமைக் கணக்கிலிருந்து விலக்க வேண்டும் என்று அதே விதிகள் சொல்கின்றன. துணைநூற்பட்டியலும் விலக்கு. பதிப்பைக் குறிப்பிடாமல் ‘சிலப்பதிகாரம்’ என்று மட்டும் போடுவது எப்படியும் தவறுதான், பதிப்புக்குப் பதிப்பு பாடபேதம் உண்டல்லவா?

மொழியைத் திருத்த ஆள் வைத்துக்கொள்வதில் குற்றம் இல்லை. ஒற்று, வாக்கிய அமைப்பு, அடிக்குறிப்புகளின் ஒழுங்கு, மேற்கோளை மூலத்தோடு ஒப்பிடுவது, இதையெல்லாம் செய்து தரச் சொல்லலாம். நெறியாளரிடம் முன்னாலேயே சொல்லிவிடுங்கள், நன்றியுரையில் அவர் பெயரைப் போடுங்கள். வாதத்தை எழுதுவது, முடிவுரையை எழுதுவது, இரண்டும் உங்கள் கையால்தான் நடக்க வேண்டும்.

கேள்வி: நாவலை எடிட் செய்ய ஒருவரிடம் முழுப் பணத்தையும் முன்கூட்டியே கொடுத்தேன்ங்க. திரும்பி வந்ததில் ஒற்று மட்டும்தான் போட்டிருக்கிறார். ஏமாந்துவிட்டேனா?
- ஒரு வாசகர், கோவை

பதில்: என்ன வேலை என்று எழுத்தில் பேசியிருக்கிறீர்களா, முதலில் அதைப் பாருங்கள். ‘எடிட்டிங்’ என்ற ஒரு சொல்லை நீங்கள் ஒரு மாதிரியும் அவர் ஒரு மாதிரியும் புரிந்துகொண்டிருக்கலாம். எழுத்தில் இருந்தால் அதைக் காட்டி மீதி வேலையைக் கேளுங்கள். இல்லையென்றால் மெய்ப்புக்கான கூலி போக மீதியைத் திருப்பிக் கேட்பதில் தப்பில்லை.

இனிமேல் முதலில் 5 பக்கம் கொடுத்து மாதிரி பாருங்கள். சுலபமான முதல் அத்தியாயத்தைக் கொடுக்காமல், உங்களுக்கே திருப்தி இல்லாத இடத்தைக் கொடுங்கள். திரும்பி வரும் பக்கத்தில் எத்தனை சிவப்பு என்று எண்ண வேண்டாம். ஓரத்தில் கேள்வி இருக்கிறதா என்று பாருங்கள். கேள்வியே கேட்காதவர் உங்கள் கதையைப் படிக்கவில்லை. மாதிரிக்கும் காசு கொடுத்துவிடுங்கள், அதுவும் உழைப்புதான்.

கட்டணத்தைச் சொல் கணக்கில் பேசுங்கள். பக்கக் கணக்கு, எழுத்தின் அளவைப் பொறுத்து மாறும். பாதி முன்பணம், மீதி முடிந்த பிறகு. எத்தனை சுற்று, எந்தத் தேதி, டிராக் சேஞ்சஸ் உண்டா, எல்லாவற்றையும் ஒரு மின்னஞ்சலில் எழுதி அவரிடம் ‘சரி’ வாங்கிவிடுங்கள். 60,000 சொல் நாவலை இரண்டே நாளில் எடிட் செய்து தருகிறேன் என்பவரிடம் கொடுக்காதீர்கள்.

எழுத்தாளர்களிடமும் பதிப்பாளர்களிடமும் எனக்கு ஒரு கோரிக்கை உண்டு. அட்டை வடிவமைத்தவர் பெயர் புத்தகத்தில் இருக்கிறது, அச்சகத்தின் பெயர் இருக்கிறது. மெய்ப்பு பார்த்தவர் பெயர் பெரும்பாலும் இல்லை. பதிப்பாளர் க்ரியா ராமகிருஷ்ணன் ஒரு பிரதியின் மேல் செலவழித்த உழைப்பைத் தமிழுலகம் அவர் 2020இல் மறைந்தபோது நிறையப் பேசியது. அந்த மாதிரி உழைப்பை ஊர் பேர் தெரியாமல் செய்துகொண்டிருப்பவர்கள் இப்போதும் இருக்கிறார்கள். உள்பக்கத்தில் ஒரு வரி போடுங்கள், கூலியைத் தாமதம் இல்லாமல் கொடுங்கள்.

கேள்வி: தமிழ் இளங்கலை படித்திருக்கிறேன். வீட்டிலிருந்தபடி மெய்ப்பு பார்க்கும் வேலை செய்ய ஆசை. எப்படிப் பழகுவது?
- ஒரு வாசகி, கும்பகோணம்

பதில்: படிப்பு போதும் அம்மா, கண்ணைத்தான் பழக்க வேண்டும். சாதாரண வேகத்தில் படித்தால் பிழை தெரியாது. ஒரு அட்டையை வரிக்குக் கீழே வைத்து, வரி வரியாக இறக்கிக்கொண்டே வாருங்கள். கதை சுவாரசியமாக இழுத்தால், பக்கத்தின் கடைசிப் பத்தியிலிருந்து மேல்நோக்கிப் படியுங்கள். ஈய எழுத்து கோத்த காலத்தில் ஒருவர் மூலத்தை உரக்கப் படிக்க இன்னொருவர் மெய்ப்பைப் பார்ப்பார். வீட்டில் யாராவது ஒத்துழைத்தால் இன்றைக்கும் அதைவிடச் சிறந்த முறை இல்லை.

பிழை ஒளிந்திருக்கும் இடங்கள் சில உண்டு. பெரிய எழுத்தில் இருக்கும் தலைப்பு, பின்னட்டை வாசகம், முதுகில் இருக்கும் ஆசிரியர் பெயர், பொருளடக்கத்தின் பக்க எண். எல்லோரும் சரியாக இருக்கும் என்று நம்பித் தாண்டிப் போகிற இடங்கள் இவை. பக்கம் திரும்பும் இடத்தில் ஒரு வரி விடுபட்டிருக்கும், அல்லது இரண்டு முறை வந்திருக்கும். ஒரு பிழையைக் கண்டுபிடித்த மகிழ்ச்சியில் அடுத்த சொல்லில் இருக்கும் பிழையை விட்டுவிடுவோம், அதனால் ஒன்றைத் திருத்தியதும் அந்த வரியை மறுபடி படியுங்கள். எழுவாயும் பயனிலையும் தூரமாக நிற்கும் நீண்ட வாக்கியத்தில் ‘புத்தகங்கள்… இருந்தது’ என்று முடிந்திருக்கும்.

சுவற்றில், கோர்வை, சில்லரை, பதட்டம், அவைகள். இந்த ஐந்தையும் பார்த்ததும் கை நிற்கிறதா? சுவரில், கோவை, சில்லறை, பதற்றம், அவை. க்ரியாவின் தற்காலத் தமிழ் அகராதி மேசையில் இருக்கட்டும், சந்தேகம் வந்தால் நினைவை நம்பாமல் பக்கத்தைப் புரட்டுங்கள். சில இடங்களில் தமிழறிந்தவர்களே ஒத்துப்போவதில்லை. வாழ்த்துகளா வாழ்த்துக்களா என்பது அதில் ஒன்று. அங்கே பதிப்பகத்தின் வழக்கத்தைக் கேட்டுக்கொண்டு, புத்தகம் முழுக்க ஒன்றையே வைத்திருங்கள்.

உங்கள் ஊர் அச்சகத்தில் கேட்டால் திருமண அழைப்பிதழ், கோயில் மலர் என்று சின்ன வேலைகள் கிடைக்கும். அழைப்பிதழை எளிதாக நினைக்காதீர்கள், முழுக்கப் பெயரும் தேதியும்தான், ஓர் எழுத்து தவறினாலும் மனத்தாங்கல். அதில் கை தேறினால் புத்தகத்துக்குப் போகலாம். எது கிடைத்தாலும் கூலி பேசாமல் தொடங்க வேண்டாம். ஏதாவது ஒரு புத்தகத்தில் 5 பக்கம் மெய்ப்பு பார்த்து, இந்த இதழின் முகவரிக்கு என் பெயருக்கு அனுப்புங்கள். விட்ட இடங்களைக் குறித்து அனுப்புகிறேன்.